தவளை குடை கேட்டதால் செத்துப்போன ஆப்

இன்று காலை எங்கள் மலையூர் பண்ணைக்காட்டில் பிரளயம்.

என் போனில் மழைக்குறிப்பு ஆப் அப்டேட் ஆனது. அதன்பின் திறந்த நொடியே தானாக மூடிக்கொண்டது. என் காப்பித் தோட்டத்தில் நான்கு வருடமாகப் பெய்த மழையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

போன் கடை பாய் பார்த்தார். "அழிச்சுட்டுப் புதுசா ஏத்திருவோம்ண்ணே. ரெண்டு நிமிசச் சோலி."

அந்த நேரம் பார்த்து மலரின் அழைப்பு. ஆப்பைச் செய்த என் அக்கா மகள். பாய் சொன்னதைச் சொன்னேன். அவள் அலறியதில் எதிர்மலைக் காட்டெருமைகள் ஊரைக் காலி செய்திருக்கும்.

"அழிச்சா அம்புட்டு மழையும் போயிரும் மாமா! வெரசா வீட்டுக்குக் கொண்டாங்க."

கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"பழைய ஆப்ல மழைய எப்படி வேணா எழுதலாம். புதுசுல எண் மட்டுந்தான். பழசையெல்லாம் எண்ணா மாத்தும்போது உங்க போன்ல மட்டும் செத்து விழுகுது. 'தவளை குடை கேட்டது.' இது எத்தனை மில்லிமீட்டர் மாமா?"

"ஐப்பசியில அதுதான் தாயி சராசரி."

"'வருணன் வழுக்கி விழுந்தான்'?"

"அது கொஞ்சம் கூட."

திட்டிக்கொண்டே மதியத்துக்குள் சரிசெய்துவிட்டாள். மழை அளவுக்கு ஒரு கட்டம். அதன் கீழே புதிதாக இன்னொரு கட்டம், அதன் பெயர் 'மாமா சொன்னது'. என் வரிகள் ஒன்றுகூட அழியாமல் அதில் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது வெளியே மழை. மேல் கட்டத்தில் எட்டு என்று உண்மையைப் போட்டேன். கீழ்க் கட்டத்தில், 'மலை நீச்சல் பழகுகிறது.'

உங்கள் ஊரில் மழை எப்படி? தயவுசெய்து எண்ணில் சொல்லாதீர்கள்.