அப்பா ஒட்டிய போஸ்டரும் என் விருதும்

சாரணியர் இயக்கத்தில் குடியரசுத் தலைவர் விருதுதான் உச்சம். பதினெட்டு வயது நிறைவதற்குள் வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிளஸ் டூ படித்த அந்த வருடம் எனக்குக் கடைசி வாய்ப்பு. ஊருக்குப் பயன்படும்படி ஒரு சேவைத் திட்டத்தை நானே யோசித்து, நானே ஆள் சேர்த்து, முடித்துக் காட்ட வேண்டும்.

மரக்கன்று நடுகிறேன் என்றேன். எங்கள் சாரணியர் டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன வருசம் நட்டதுல எது உசுரோட இருக்கு, சொல்லு?" பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம் என்றேன். "ஊர்வலம் போயிட்டு தண்ணி பாக்கெட்டை ரோட்டுல வீசிட்டு வருவீங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

யோசனை வில்லாபுரம் பஸ் ஸ்டாப்பில் கிடைத்தது. கிராமங்களிலிருந்து வருபவர்கள் அங்கே இறங்கி, நிற்பவர்களை எல்லாம் கேட்பார்கள்: "பெரியாஸ்பத்திரிக்கு இந்த பஸ் போகுமா?" நாங்களும் ஆளுக்கொரு பதில் சொல்லி அலையவிடுவோம். ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு பழைய மாவுமில்லின் நீளமான காம்பவுண்டுச் சுவர். எந்த இடத்துக்கு எந்த நம்பர் பஸ் என்று அதில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் என்ன? டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது வேலை," என்றார்.

மில்காரரிடம் அனுமதி வாங்கினோம். இயக்கத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருவது ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, என் அணியில் இருந்த தோழிகளோடு சுவரைச் சுரண்டி, பளிச்சென்று வெள்ளையடித்தேன். காயட்டும், நாளைக்கு எழுதலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டோம். மதுரையில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத மடத்தனம் அது. இந்த ஊரில் வெள்ளையடித்த சுவர் என்றால் பந்தியில் இலை விரித்து வைத்த மாதிரி.

மறுநாள் போனால் சுவர் முழுக்கக் காதணி விழா போஸ்டர். 'தாய்மாமன் அழைக்கிறார்' என்று ஆளுயரத்துக்கு ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிட்டபடி நிற்கிறார். பின்னால் ஒரு சிங்கம். எவன்டா அந்தத் தாய்மாமன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். எங்கள் அப்பா.

அத்தை பையன்களுக்குக் காதுகுத்து என்பது எனக்குத் தெரியும். லோடு ஆட்டோ ஓட்டுகிற அப்பா, மாமன் சீர் வாங்குவதற்காக அலைந்துகொண்டிருந்தார். என் திட்டத்தைப் பற்றி வீட்டில் நான் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்று பெருமை தாங்காமல் என்னிடமே சொன்னார்: "யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளையடிச்சு வச்சிருந்தாம்மா. நம்ம போஸ்டர் எம்புட்டு எடுப்பா இருக்கு, பாத்தியா?"

"அந்தப் புண்ணியவான் நான்தான்ப்பா."

அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் கிழிக்க முடியாது. விழாவுக்கு முன்னால் தாய்மாமன் போஸ்டரில் கை வைத்தால் அபசகுனமும் ஆச்சு, அவமானமும் ஆச்சு. "அதுல கை வச்சேன்னு வையி, உங்க அத்தை இந்த வாசப்படிய மிதிக்காது," என்று அம்மா சொல்லிவிட்டாள். விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதிகாரி வருவது அதற்கு மறுநாள் காலை. "அப்பா பாத்துக்கிறேன்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

விழாவில் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு உர்ரென்று நடந்தேன். பையன்கள் வீறிட்டார்கள், காது குத்தியாயிற்று, கறிச்சோறும் முடிந்தது. மொய் வாசித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து அப்பா மைக்கை வாங்கினார். "மாப்ளைகளா, யாரும் சீட்டுக்கட்டைப் பிரிச்சுறாதீங்க. எம் பொண்ணு வேலை ஒண்ணு கெடக்கு. எல்லாரும் வண்டியில ஏறுங்க."

அத்தை ஓடி வந்தார். "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளாச்சும் இருக்கட்டும்ண்ணே."

"காது குத்தி முடிஞ்சிருச்சுல்ல தாயி. இனி அந்த மூஞ்சிக்கு அங்க என்ன சோலி?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா தன் முகத்தைத் தானே சுரண்டினார். பசையை அவரே பார்த்துப் பார்த்துக் காய்ச்சியிருந்தார்; மீசை லேசில் வரவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுபடி அடித்த வெள்ளையை மதுரை வெயில் சட்டென்று காயவைத்துக் கொடுத்தது. தோழிகளும் வந்து சேர, பொழுது சாய்வதற்குள் கடைசி வரியையும் எழுதிவிட்டோம். அப்பா விழா வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்து, கை கால் அசந்து தூங்கிப்போனேன்.

காலையில் அதிகாரி வந்தார். ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அப்பாவுக்குச் சொல்லலாம் என்று டீச்சரிடம் போனைக் கேட்டேன். அப்போதுதான் எதிர்ச்சாரியில் நின்ற லோடு ஆட்டோவைக் கவனித்தேன். உள்ளே அப்பா, அதே பட்டு வேட்டியில், கண்ணெல்லாம் சிவந்துபோய்.

ஓடினேன். "கையெழுத்துப் போட்டாச்சுப்பா! இங்க என்ன பண்றீங்க, வீட்டுக்குப் போகலையா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இங்கனதான் கெடக்கேன்," என்றார். "வெள்ளச் சுவரப் பாத்தா நம்ம ஆளுக கை சும்மா இருக்காதும்மா. எனக்குத் தெரியாதா?"