சுற்றலுக்குப் போட்ட தலையிடிக் குளிசை

வாகரையில் ஒரு வீட்டுக் கிணற்றின் அடியில் என் மச்சான் குந்தியிருந்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு கைகளாலும் கொங்கிரீட் வளையத்தின் விளிம்பைப் பிடித்து, நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்தியபடி இருந்தார். நான் மேலே கயிற்றோடு நின்றேன். கூப்பிட்டும் அவர் நிமிரவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வெள்ளம் வடிந்த பிறகு கதிரவெளி, வாகரைப் பக்கம் வீட்டுக் கிணறுகளைத் துப்புரவாக்குவது எங்கள் இருவரின் தொழில். மோட்டர் வைத்து நீரை இறைத்துவிட்டு, ஒருவர் இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளுவார். மற்றவர் இழுப்பார். இறங்குவது எப்போதும் மச்சான்தான். வாளி மேலே போய்ச் சேரும்வரை கீழே நிற்பவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கயிறு அறுந்தால் ஒதுங்க வேண்டுமே. அதனால் நாள் முழுவதும் அண்ணாந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அப்படி அண்ணாந்து பார்க்கிறபோதுதான் அவருக்குத் தலை சுற்றத் தொடங்கியது. முதலில் பகிடியாகத்தான் சொன்னார். “டேய், உனக்கு அது சும்மா வானம். எனக்கு ராட்டினம்.” பிறகு பகிடி நின்றது. பாயில் புரண்டு படுத்தாலும் வீடே சுற்றுகிறது என்றார். அதற்கு அவர் கண்ட மருந்து, முதுகு நோவுக்கு நாங்கள் இருவரும் போடுகிற அதே தலையிடிக் குளிசை. காலையில் வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு இரண்டு. கிணற்றுக்குள் சுற்றினால் மடியிலிருந்து எடுத்து இன்னொன்று. விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார். ஒரு நிமிடத்தில் சுற்றல் நின்றுவிடும். “பாத்தியா, நிண்டுட்டு” என்பார். குளிசை தொண்டையை விட்டு இறங்குமுன் எப்படி வேலை செய்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

“தங்கச்சியிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா என்னை இறங்க விடாள். பிறகு உனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல” என்றார். என் மனைவியிடம் நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை அவரை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்டபோது, “தலையிடி” என்று மட்டும் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்களுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தேன். அதே குளிசைதான் கிடைத்தது. “டொக்டரும் இதைத்தானே தாறா” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

வாகரை வீட்டில் அன்று மூன்று குளிசை போட்டும் நிற்கவில்லை. தலையை அசைத்தால் சுவர் ஓடியது. வாந்தியும் வந்தது. வாடகையை மிச்சம் பிடிக்க, நீர் வற்றியதுமே மோட்டரைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். ஊற்று நீர் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருந்தது. “கத்தாத, இப்ப நிண்டிடும்” என்றார். வீட்டுக்கார அக்கா வந்து, “என்ன தம்பி, உள்ளுக்க நித்திரையா உங்கட மச்சான்?” என்று கேட்டார். “ஓம் அக்கா, களைப்பு” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆட்களைக் கூப்பிட்டால் ஊரெல்லாம் தெரியும், தொழில் போகும். கூப்பிடாவிட்டால் அவர் போவார். அவர் கீழே மாட்டியிருந்தார், நான் மேலே மாட்டியிருந்தேன். நீர் அவர் நெஞ்சைத் தொட்டபோதுதான், “ஆராவது வாங்க!” என்று கத்தினேன். பக்கத்து வளவுக்காரர்கள் கயிற்றில் பலகை கட்டி இறக்கி, ஒருவர் உள்ளே போய் அவரை அதில் இருத்தி, இழுத்தெடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் மறுபடியும் “தலையிடி” என்றார். “இல்ல டொக்டர்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “தலையிடி இல்ல. மேல பாத்தா சுத்துது. குளிசை திண்டு திண்டு வயிறும் எரியுது.”

டொக்டர் அவரைப் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கண்களையே பார்த்தார். காதுக்குள் சமநிலை பார்க்கிற இடத்தில் வந்த கோளாறு என்றார். “இந்தக் குளிசை நோவுக்குத்தான் ஐயா. இந்தச் சுத்தலுக்கு ஒண்டும் செய்யாது. அது தானாத்தான் நிண்டிருக்கு. வெறும் வயித்தில கண்டபடி போட்டு வயித்தைத்தான் புண்ணாக்கியிருக்கிறீங்க.” மருந்துக்குப் பதிலாக, தலையை ஒவ்வொரு பக்கமாக மெல்லத் திருப்பி எழுப்பி இருத்தினார். இரண்டு தடவை போனதில் சுற்றல் நன்றாகக் குறைந்தது. ஆனாலும் கிணற்றில் இறங்க வேண்டாம் என்றார். நான் வாய் திறந்ததால்தான் வேலை போனது என்று மச்சான் பல நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது நான் இறங்குகிறேன். அவர் மேலே நிற்கிறார். ஒவ்வொரு வாளிக்கும் “சுத்துதா?” என்று கேட்பார். “இல்ல மச்சான்” என்பேன். இந்த மாரி கழிந்து ஒருநாள், அண்ணாந்தபோது அவர் முகம் கிணற்று வாயோடு சேர்ந்து ஒரு பக்கமாக ஓடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எனக்குப் பிறகு இறங்குவதற்கு எங்கள் இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை.

“சுத்துதா?”

“இல்ல” என்றேன்.

மேலே அவருடைய காலடி கிணற்றடியை விட்டு எங்கோ ஓடுவது கேட்டது. வாளிக்காகக் கையை நீட்டியபடி நின்றேன். வெகுநேரம் கழித்து ஏதோ வந்து தோளில் தட்டியது. கண்ணைத் திறக்காமலே தடவிப் பார்த்தேன். கயிற்றில் கட்டிய பலகை.