டிக்கியில் ஒரு கல்யாணப் பெட்டி

அன்று எங்கள் காரை மணலிலிருந்து வெளியே கொண்டுவந்தது எது? இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே காலத்தை ஓட்டியிருப்பேன். போன வாரம் கனடாவிலிருந்து என் கணவர் கூப்பிட்டதுதான் வம்பாகிவிட்டது.

அவர் அங்கே வேலைக்குப் போய் ஆறேழு மாதம் ஆகிறது. நானும் மகளும் அவரிடம் போக ஷார்ஜாவில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம். போன கோடையில் அவர் ஒரு பழைய கார் வாங்கினார். பார்க்க அழகாக இருந்ததாம். அது பின்சக்கரம் தள்ளி ஓடும் வண்டி என்பதும், பனிக்காலத்தில் அதற்கென்று ஒரு தனி குணம் உண்டு என்பதும் அவருக்கு அன்று காலையில்தான் தெரிந்திருக்கிறது. எனக்கு இங்கே சாயங்காலம், கையில் இட்லி மாவு. போனில் ஒரே வெள்ளை. நடுவில் குல்லாய் போட்டுக்கொண்டு அவர்.

"சக்கரம் சும்மா சுத்துதும்மா, வண்டி நகர மாட்டேங்குது. டிக்கியில இருந்ததெல்லாம் எறக்கி வச்சிட்டேன். லேசா இருந்தா ஏறிடும்ல?"

"ஐயோ, எறக்காதீங்க! எல்லாத்தையும் திரும்ப உள்ள வைங்க!" என்று நான் கத்திய கத்தலில் மகள் பயந்துவிட்டாள். பிறகு, "மம்மி, டாடி ஸ்னோவ ஈட் பண்ணலாமா?" என்று தன் சந்தேகத்தைக் கேட்டாள். அவளுடைய சந்தேகங்களுக்குத்தான் எப்போதும் சுலபமான பதில் இருக்கிறது.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பதற்கு, ஷார்ஜாவுக்கு வடக்கே இருக்கிற ராஸ் அல் கைமாவுக்குப் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு டைல்ஸ் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. நாகர்கோவில்காரி மேரியும் நானும் ஒரே ரூம். எங்களை டூட்டிக்கு அழைத்துப் போனது ரதியக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, அதே அலுவலகத்தில் எங்களுக்கு சீனியர். அவருடைய காரும் பின்சக்கரம் தள்ளுகிற பழைய காலத்து வண்டிதான். உள்ளே எந்நேரமும் அத்தர் வாசனையும், என்றோ கவிழ்ந்த மீன்குழம்பின் வாசனையும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இப்போதும் லிஃப்டில் யாராவது அத்தர் பூசிக்கொண்டு ஏறினால் எனக்கு மீன்குழம்பு ஞாபகம்தான் வரும். வெளியில் சொல்ல முடியுமா?

அந்தக் காரின் டிக்கியில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்து லீவில் ஊருக்குப் போகிறவளின் பெட்டி. ரூமில் கட்டிலுக்கு அடியில்கூட இடம் கிடையாது. அதனால் சோப்பு, பால் பவுடர், கம்பளி என்று மாதக்கணக்கில் வாங்கி வாங்கி டிக்கியில்தான் சேர்ப்போம். ஒருத்தி போய் இறங்கியதும் அடுத்தவளின் பெட்டி ஏறிவிடும். அந்த ஆவணியில் என் முறை. சாதாரண லீவு இல்லை, என் கல்யாணம். சாக்லேட்டை மட்டும் உருகிவிடும் என்று கடைசி நாளில் வாங்கி மேலே வைத்து, மேரி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

மத்தியானம் துபாயிலிருந்து திருச்சி விமானம். காலையிலேயே கிளம்பினோம். பெரிய ரோட்டுக்குப் போகும் வழியில் கல் குவாரி லாரிகள் வரிசை கட்டி நின்றன. ரதியக்காவுக்குக் காத்திருக்கும் பழக்கமே கிடையாது.

"இப்பிடி மண்ணுக்கால வெட்டிப் போவம். பயப்பிடாதேங்கோ" என்று ஸ்டீயரிங்கை ஒடித்தார்.

பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடிய கார் உறுமிக்கொண்டே நின்றது. பின்சக்கரங்கள் சுற்றச் சுற்றப் பள்ளம் பறித்து உள்ளே இறங்கின. என் மனசில் மண்டபம், பந்தல், கல்யாணப் பெண் இல்லாத மணவறை எல்லாம் வரிசையாக வந்துபோயின.

"பாரம் கூடிப்போச்சு. பெட்டிய இறக்குவம்" என்றார் ரதியக்கா. எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. பெட்டியை மணலில் இறக்கி வைத்துவிட்டு, நானும் மேரியும் பின்னால் நின்று தள்ளினோம். கார் முன்னைவிட வேகமாகக் குழி தோண்டியது. புழுதி முழுக்க என் புதுச் சுடிதாரில்.

"எக்கா, நீங்க வண்டி ஓட்டுதியளா, கெணறு வெட்டுதியளா?" என்றாள் மேரி.

"வாயை மூடிக்கொண்டு தள்ளும்!"

வரிசையில் நின்ற லாரியிலிருந்து ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவர், "பாஜி, டயர் சே ஹவா நிகாலோ!" என்று டயர் காற்றை இறக்கச் சொல்லிக் கூவினார். அதற்குள் அவர் வரிசை நகர்ந்துவிட, "யல்லா யல்லா" என்று கையை ஆட்டிவிட்டுப் போயே போய்விட்டார். காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் பரவி மணலில் நிற்கும் என்பது இப்போது தெரியும். அன்று, இருப்பதும் போய்விடுமே என்று நான் தடுத்தேன். மேரி கேட்கவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி பின்டயர்களின் வால்வில் குத்திப் பிடித்துக் கொஞ்சம் காற்றை இறக்கினாள். காருக்குள் கால் வைக்கும் ரப்பர் மேட்களை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தாள். பிறகு பெட்டியைப் பார்த்து அலறினாள்.

"ஏட்டி, ஒனக்க சாக்லேட்டெல்லாம் பாயாசமாயிரும்டீ! ஏசியில தூக்கி வை!"

பெட்டியைப் பின்சீட்டின் நடுவில் ஏற்றினோம். அது சரியாமல் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு பக்கம் நாங்களும் ஏறிப் பாதி அதன்மேல் உட்கார்ந்தோம். ரதியக்கா களைத்துப்போய், "நல்லூர் முருகா, இந்தப் பிள்ளையின்ர கலியாணத்தைக் கெடுத்துப்போடாத" என்றபடி ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டார்.

கார் ஏதோ நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுபோல எழுந்து, நடந்தது.

பெட்ரோல் பம்பில் காற்றடிக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. தான் திணித்த மேட்தான் என்றாள் மேரி. முருகன் என்றார் ரதியக்கா. இல்லை, பின்சக்கரத்துக்கு நேர்மேலே உட்கார்ந்த பெட்டியும் நாங்களும்தான் என்றேன் நான். "அப்ப அந்தப் பட்டாணி அண்ணன் சும்மாவா?" என்றாள் மேரி. தீர்ப்பு வருவதற்குள் ஏர்போர்ட் வந்துவிட்டது. கவுண்டரை மூடப்போகிற நேரத்தில் ஓடிப்போய் நின்றேன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த சாக்லேட் அப்பளம்போல இருந்தது. "ஒக்காந்துட்டு வந்தியா?" என்று அவர் வேடிக்கையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல அன்று வெட்கமாக இருந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அந்த மணல் இருந்த இடத்தில் இப்போது தார் ரோடும் ஒரு ரவுண்டானாவும் இருக்கின்றன. ரதியக்கா காரைக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். அவருடைய பழைய எண் இப்போது இல்லை. மேரியும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் யாரும் டிக்கியில் பெட்டி சேர்ப்பதில்லை. எல்லாம் ஊரிலேயே கிடைக்கிறதே. சண்டையைத் தொடர எனக்குத்தான் ஆள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று எப்படியோ வண்டியை வெளியே எடுத்த கணவர், இப்போது பனிக்கால டயர் நான்கும் மாட்டிவிட்டார். டிக்கியில் மணல் மூட்டை போடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அங்கே கடையில் மணலை மூட்டையாக விற்கிறார்களாம்! அந்த டயர் இருந்தால் மூட்டை வேண்டாம் என்கிறார் இன்னொருவர். பனியில் காற்றை இறக்கக் கூடாது என்று எங்கோ படித்தேன். அது சரிதானா? பின்சீட்டில் என் மகள் உட்காருவாள். சடாரென்று பிரேக் போட்டால் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அந்த மூட்டை எங்கே போகும்? இதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பனி ஊரில் பின்சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். மூட்டை வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே வைத்து எதனால் கட்டுவது? கயிறு இறுக்கத் தெரிந்த மேரி பக்கத்தில் இல்லை. முருகனிடம் வேண்டிக்கொள் என்று மட்டும் எழுத வேண்டாம். அதை முதல் நாளே செய்துவிட்டேன்.