அழிக்காதே டீச்சர்

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அழிக்காதே டீச்சர்'. பதினொன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு டிஜிட்டல் கோப்பு. வாராவாரம் ஒரு பாடத்தைச் சொந்தக் குரலில் விளக்கி, பதிவுசெய்து அதில் போட வேண்டும். சொதப்பினால் மறுபடி பதியலாம். பழையதை மட்டும் அழிக்கக் கூடாது. "போன மாசம் எவ்வளவு மக்கா இருந்தேன்னு தெரிஞ்சாத்தானே இந்த மாசம் தேறினது தெரியும்?" என்பார். வேலையத்த வேலை என்று இயற்பியல் வாத்தியாரான நான் கிண்டலடித்தேன். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பெண்ணொருத்தி மூன்றே மாதத்தில் உராய்வு விசையை எனக்கே பாடம் எடுக்கிற மாதிரி விளக்கினாள்.

அவளுடைய ஏழு பதிவுகளில் பின்னால் வேறு சத்தமும் இருந்தது. அடி. அம்மாவின் அலறல். மறுபடி அடி. டீச்சர் அவளைச் சம்மதிக்க வைத்துக் காவல் நிலையம் போனார். பதிவுகளை நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதற்குள் யாரோ அவள் அப்பன் காதில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே கம்ப்யூட்டர் அறைக்கு வந்துவிட்டான். லாரிப் பட்டறைக்காரன், கையில் டயர் கழற்றும் கம்பி. நுழைந்ததும் இரண்டு திரைகள் தூள்.

"அதை அழிடி!"

"அது உங்க பொண்ணோட கோப்பு. நான் தொட மாட்டேன்."

கம்பி அவர் வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அச்சு எடுக்க வந்த நான் அதே அறையில்தான், மேசைக்கு அடியில் இருந்தேன்.

"அழிச்சிடுறேன் டீச்சர், உங்களைக் கொன்னுடுவாரு!" பதிவுகளை எடுக்க டீச்சரோடு வந்திருந்த மகள் மவுஸைப் பிடித்தாள்.

"உன்னோடது. நீயே முடிவு பண்ணும்மா."

அவள் ஒலிபெருக்கியை முழுதாகத் திருகி, ஒரு பதிவை ஓடவிட்டாள். அடி விழுந்தது, அம்மா அலறினாள், நடுவே அவள் குரல் நிற்காமல் உராய்வைப் பற்றிப் பேசியது. அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்புகள் திரண்டு வந்து அவனைத் தரையில் போட்டு அமுக்கின. அவனுக்கு இரண்டு பல் போனது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏழு பதிவுகளும் கோர்ட்டுக்குப் போயின. அவன் உள்ளே இருக்கிறான். டீச்சருக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை.

இந்த வருடம் ஆசிரியர்களுக்கும் கோப்பு. என் முதல் பதிவில் அன்று நடந்ததைச் சொன்னேன், மேசை உட்பட. திரும்பக் கேட்டபோது கூசிப்போனது.

"இதை மட்டும் எடுத்துடலாமே, டீச்சர்?"

"அழிக்காதீங்க சார்," என்றார். "அடுத்த தடவை வெளியே வாங்க."