அடைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பழுதுக்கு உலகமே வைத்தியர், எல்லார் கையிலும் இருப்பது ஒரே மருந்து: "அடைச்சுத் தொறங்க." அதாவது, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். சிங்கப்பூரில் இருந்த காலமெல்லாம் நானும் அதைத்தான் கொடுத்துவந்தேன். மலேசியாவில் என் ஊரான சிகாமட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளியைப் பார்த்தேன். இதே தொழிலில் அல்லல்படுகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சந்தனப் பொட்டு

சாஆ என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பழ லாரிகளை நிறுக்கும் அறையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். ஒருமுறை கரண்ட் போய் அணைந்தது, திரும்ப எழுந்திருக்க ஒரு பகல் பிடித்ததாம். அதுவரை லாரிகள் நின்றன, பழம் கெட்டது. அதிலிருந்து எடைக் கணக்கு எழுதும் கிராணி மாலதி அதன் பவர் பட்டனை டேப் ஒட்டி மூடிவிட்டார். ஆயுத பூஜைக்கு டேப்பின் மேலேயே சந்தனமும் வைத்தாயிற்று. ஆலையின் நெட்வர்க்கை மாற்றும் வேலை எனக்கு வந்தது; இந்தக் கம்ப்யூட்டருக்கும் புது நெட்வர்க் முகவரி கொடுக்க வேண்டும் என்றேன்.

"எதை வேணா மாத்துங்கண்ணே. ஆனா அடைச்சீங்க, அப்புறம் டிரைவருங்ககிட்ட நீங்கதான் பேசணும்."

நுனிக்கிளை

அடைக்காமலும் மாற்றலாம். புது முகவரியை எழுதிவைத்து, நெட்வர்க்கை மட்டும் நிறுத்திக் கிளப்பினால் போதும். இதற்கு சாஆ வரை போவானேன்? வீட்டில் காப்பி குடித்தபடியே நெட்வர்க் வழியாக அதற்குள் புகுந்தேன். முகவரியை எழுதினேன். நெட்வர்க்கை நிறுத்தச் சொன்னேன். நின்றது. இனி கிளப்பச் சொல்ல வேண்டும். சொல்வது போய்ச்சேர நெட்வர்க் எங்கே? இரண்டு கட்டளையையும் ஒரே வரியில் அனுப்பியிருக்க வேண்டும். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டியாயிற்று. சீட்டு அடிக்கும் பிரிண்டரும் அதே நெட்வர்க்கில்தான்; எடைச்சீட்டு வராமல் மாலதி போன் அடித்தார்.

"அலமாக், அண்ணே! லாரி மெயின் ரோடு வரைக்கும் நிக்குது. நீங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கீங்களா, வெளிய போயிட்டீங்களா?"

முனியாண்டியின் நகம்

காரை விரட்டிக்கொண்டு போனேன். முதல் லாரியின் டிரைவர் முனியாண்டி எடை அறைக்குள்ளேயே வந்து, டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டு வைஃபையும் இப்படித்தான் லா. அடைச்சுத் தொறந்தா சரியாயிரும்." மாலதி அவர் கையைத் தட்டிவிட்டார். "தொட்டீங்க, உங்க லாரிய கடைசியா நிறுப்பேன்!" "கடைசியா நிறுத்தா பழத்த ஊறுகாய்தான் போடணும்!"

அவர்கள் இருவருக்கும் நடுவே கையை நுழைத்து, விட்டுப்போன அந்த ஒரு கட்டளையைத் தட்டினேன். திரை இருளவில்லை, ஒரு 'டிங்' கூட இல்லை. பிரிண்டர் மட்டும் கனைத்துக்கொண்டு முதல் சீட்டைத் தள்ளியது. மாலதிக்கு மூச்சு வந்தது. முனியாண்டி சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலையே பாஸ்! அது தானா சரியாயிருச்சு."

வேலையே செய்யாத மாதிரி தெரிவதுதான் எங்கள் தொழிலில் சுத்தமான வேலைக்கு அடையாளம் என்றால், முனியாண்டி அன்றைக்கு எனக்குக் கொடுத்தது முதல்தர நற்சான்றிதழ்.