துரை உள்ளேதான் இருக்கிறார்

ஐம்பதுகளின் கடைசியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்கு டெலிபோன் எடுக்கும் வேலை. வேண்டாதவர்கள் கூப்பிட்டால் எங்கள் வெள்ளைக்காரத் துரை வெளியே போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டுமாம். துரையோ கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். “உள்ளேதான் இருக்கிறார், இப்போது பேச மாட்டார்” என்றே நான் சொன்னேன். மூன்றாவது தடவை தலைமைக் கிளார்க் ஓடி வந்தார்.

“துரை இல்லன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்? இது ஆபீஸ்மா, சர்ச் இல்ல.”

“ஆண்டவருக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். பொய் சொல்ல ஆள் வேணும்னா போனை நீங்களே எடுங்க.”

அன்று மாலையே என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட. விரலெல்லாம் பசை. நான் அழவில்லை, கோபம்தான் வந்தது.

ஃபேரர் பார்க் பக்கம் இருந்த எங்கள் தமிழ் சர்ச்சில் பத்துக் கட்டளைகளை வாசிப்பவரும் அதே கிளார்க்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு, அதைக் கைக்கொள்ள மனம் தரும்படி சபை சேர்ந்து வேண்டிக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை பொய்யைப் பற்றிய கட்டளை வந்ததும் அவர் குரல் இறங்கியது. நான் முழங்காலில் நின்றபடியே அவரை நேராகப் பார்த்து, சபையே திரும்பிப் பார்க்கும்படி அந்த வேண்டுதலைச் சொன்னேன்.

அவருக்கும் துரைக்கும் சேர்த்துத்தான்.