பூஜையில் வைத்த சர்வர்

வேம்புவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தி. நகரில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸில் கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. பொறுப்பு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்பளப் பட்டியலை அச்சடிப்பது, ஏசி ஒழுகினால் அடியில் பக்கெட் வைப்பது, சாயங்காலமானால் அன்றைய கணக்கையெல்லாம் டேப்பில் நகலெடுத்து பீரோவில் பூட்டுவது, அவ்வளவுதான் வேலை. அதில் மனிதர் ஒரு நாள் தவறியதில்லை. புயல் அடித்த அன்றுகூட முழங்கால் தண்ணீரில் நடந்து போய் நகலெடுத்துவிட்டு வந்தார். ஆபீஸில் இதைச் சொல்லிக் கேலியும் செய்வார்கள், அதற்காகவே அவரிடம் மரியாதையாகவும் இருப்பார்கள்.

அது தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம். இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வருஷக் கணக்குக் குழம்பிவிடும் என்று ஊர் முழுக்க ஒரே பீதி. வேம்புவின் ஆபீஸிலும் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறுவதென்று முடிவாயிற்று. லினக்ஸை விலை கொடுத்து வாங்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எவனோ முதலாளி காதில் ஓதிவிட்டான். அதற்கப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியுமா? மேனேஜர் சுந்தரராமன் வேம்புவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"வேம்பு, இனிமே அந்த சீட்ல உக்கார்றவருக்கு லினக்ஸ் சர்டிபிகேட் இருக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு. தீபாவளிக்குள்ள கொண்டுவந்து காட்டுங்கோ, சீட் உங்களுது. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆளை எடுத்துடுவா. உங்களுக்கு வேற இடம் குடுன்னு நான் கேட்டும் பாத்தாச்சு. இல்லைன்னுட்டா."

சுந்தரராமன் கெட்டவர் இல்லை. இதைச் சொன்னபோது வேம்புவின் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, அடையாறில் ஒரு சின்ன நிறுவனத்தில் மாலை வகுப்பு. லினக்ஸ் நிர்வாகத்துக்கான முதல்படிச் சான்றிதழ். வகுப்பில் இருந்ததெல்லாம் மீசை முளைத்து நாலு நாள் ஆகாத பையன்கள். வேம்புவை 'அங்கிள்' என்று கூப்பிட்டார்கள். வாத்தியார் ஒரு தடவை சொன்னதும் அவர்களுக்கு விரல் தானாக ஓடியது. வேம்புவுக்கு ஒவ்வொரு கட்டளையையும் பேப்பரில் எழுதி, பஸ்ஸில் முணுமுணுத்து, கனவில் தப்பும் தவறுமாகத் தட்டி, அப்புறம்தான் பிடிபட்டது. பிடிபட்டதா என்றால் பிடிபட்டது. அதில் அவருக்கே ஆச்சரியம்தான்.

பரீட்சை இரண்டு பாகம். எழுத்துத் தேர்வு ஒன்று. மற்றது செய்முறை. ஒவ்வொருவரும் ஒரு மெயில் சர்வரை, அதாவது இமெயில் கடிதங்களை வாங்கி அனுப்பும் கம்ப்யூட்டரை, தானே அமைத்து, அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வர வேண்டும். நிறுவனத்தில் அத்தனை மெஷின் கிடையாது, அதனால் இப்படி ஓர் ஏற்பாடு. பெங்களூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பெட்டி எழுந்து, ஒரு கடிதத்தை வாங்கி, ஒரு கடிதத்தை அனுப்பிக் காட்டினால் பாஸ்.

மயிலாப்பூரில் வேம்பு குடியிருந்த போர்ஷனின் கூடத்து மூலையில் அந்த சர்வர் வளர்ந்தது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டி. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றி, அது சண்டி பண்ணி, மறுபடி ஏற்றி, இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். மின்வெட்டுக்குப் பயந்து கீழே ஒரு யுபிஎஸ் வேறு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் கறுப்புப் பெட்டி. ஓட ஆரம்பித்த பிறகு அதை அணைக்கவே மனம் வரவில்லை. ராப்பகலாக அது உறுமிக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு பெருமை. வீட்டில் இருந்தது அவர் மனைவி மதுவந்தி ஒருத்திதான். குழந்தைகள் இல்லை. அவள் பாட்டு டீச்சர். "அதைத் தொடாதே" என்று அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஏன் தொடக்கூடாது, அணைத்தே தீர வேண்டுமென்றால் எப்படி அணைப்பது, இதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை.

பரீட்சைக்குத் தேதி கொடுத்தபோது நிறுவனத்தின் வரவேற்பில் இருந்த சான்ட்ரா என்ற பெண், "வெள்ளிக்கிழமை இருக்கு, அடுத்த செவ்வாய்க்கிழமை இருக்கு. வெள்ளிக்கிழமையே முடிச்சிருங்க அங்கிள், அதான் ரெடியா இருக்கீங்களே" என்றாள். வேம்பு காலண்டரைப் பார்த்தார். செவ்வாய் விஜயதசமி. எதை ஆரம்பித்தாலும் ஜெயிக்கிற நாளை விட்டுவிட்டு யாராவது வெறும் வெள்ளிக்கிழமையை எடுப்பார்களா? செவ்வாய்க்கே எழுதிக்கொடுத்துவிட்டு, பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதுபோல் பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை சரஸ்வதி பூஜை. காலையில் எழுந்ததும் சர்வருக்குக் கடைசியாக ஒரு சோதனை வைத்தார். தனக்குத்தானே நூற்றுக்கணக்கில் கடிதம் அனுப்பி, வாங்கி, அடுக்கி வைக்கும் சோதனை. அது ஒரு மணி நேரம் ஓடட்டும், வந்து முறையாக அணைத்துப் பூஜையில் வைத்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு மாட வீதிக்குப் போனார். பொரி, கடலை, வாழைக்கன்று, பூ. எல்லாவற்றுக்கும் கூட்டம். பூக்காரி ஒரு முழத்தை முக்கால் முழமாக அளக்கிறாள் என்று அங்கே வேறு கொஞ்சம் வாய்ச்சண்டை. திரும்பி வரும்போது பத்தேகால் ஆகிவிட்டது.

கூடத்துக்குள் காலை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. அந்த உறுமலைக் காணோம்.

மூலையில் கோலம் போட்ட மணை. மணைமேல் புத்தகங்கள், அதன்மேல் பட்டுத்துணி, பக்கத்தில் தம்புரா. தம்புராவுக்குப் பக்கத்தில், சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு, சர்வர். கற்பூரத் தட்டில் புகை இன்னும் அடங்கவில்லை.

"பத்தரைக்கு எமகண்டம் வந்துடுமேன்னு நானே பூஜையை முடிச்சுட்டேன்னா" என்றாள் மதுவந்தி. முகமெல்லாம் மலர்ச்சி. "பொரி, கடலையை இப்ப நைவேத்யம் பண்ணிடலாம்."

"அதை எப்படி அணைச்சே?"

"எப்படின்னா? செவுத்துல இருக்கற சுவிட்சைத்தான். கீழ ஒரு கறுப்புப் பொட்டி இருக்கே, அது கத்து கத்துன்னு கத்தித்து. அதுலயும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திப் பிடிச்சேன், அடங்கிடுத்து."

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸை அப்படி அணைக்கவே கூடாது. அணைக்கப் போகிறோம் என்று அதற்கு ஒரு வார்த்தை சொல்லி, கையில் இருப்பதையெல்லாம் அது டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் நூற்றுக்கணக்கில் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்த நேரம். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். எல்லாமே போயும் இருக்கலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"மது, ஒரே ஒரு தரம் போட்டுப் பாத்துடறேன். அஞ்சு நிமிஷம். கெட்டுப் போயிருந்தா ராத்திரிக்குள்ள சரி பண்ணிடலாம்."

"கற்பூரம் காட்டியாச்சுன்னா. நாளைக்குக் காத்தால புனர்பூஜை ஆனப்புறம்தான் தொடணும். உங்களுக்குத் தெரியாதா?"

"நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை."

"அதனாலதான் சொல்றேன். வேலை இருக்குமா போகுமான்னு நிக்கறோம். இந்த வருஷம் அவளை விட்டா நமக்கு யாரு இருக்கா?"

வேலை ஒரு பொருட்டே இல்லை என்றிருந்தால் அவளே போனால் போகட்டும் என்றிருப்பாள். இவ்வளவு பெரிய காரியம் என்பதால்தான் மறித்துக்கொண்டு நின்றாள். அவளைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அவள் சமையலறைக்குப் போன பிறகு வேம்பு மட்டும்தான் பெட்டி எதிரில் நின்றார். ஒரு சுவிட்ச். கையை நீட்டினால் போதும். கை நீளவில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. நாளை அந்தச் சரஸ்வதி தயவில் பாஸாக வேண்டியவன் இன்று அவள் முகத்தில் அடித்ததுபோல் செய்வதா என்று பயந்தார். பயந்ததுதான் உண்மை.

அந்தப் பகல் முழுக்க அவர் பட்ட பாடு பகையாளிக்கும் வேண்டாம். டிஸ்க் கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. புத்தகம் பட்டுத்துணிக்கு அடியில் இருக்கிறது. அதன் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. மாடி போர்ஷன் குழந்தைகள் இன்றைக்குப் படிக்கக் கூடாது என்று தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தன. வேம்பு சுண்டலை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார், விழுங்க மறந்துவிட்டது. ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக தினம் தினம் நகலெடுத்த மனிதர் சொந்த சர்வருக்கு எடுத்திருந்தது இரண்டே இரண்டு ஃப்ளாப்பி. அதுவும் வேலை பாதி ஆகியிருந்தபோது எடுத்தது. வீட்டில் டேப் மெஷின் இல்லையே, பரீட்சை ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

விடிந்ததும் குளித்து, புனர்பூஜை செய்து, வழக்கப்படி புத்தகத்தைப் பிரித்து இரண்டு வரி படித்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். பெட்டி உறுமியது. எழுத்துகள் மளமளவென்று ஓடின. மதுவந்தி பின்னால் நின்று, "பாத்தேளா, நன்னாத்தானே இருக்கு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, எழுத்துகள் நின்றுவிட்டன. டிஸ்க்கில் கணக்கு இடிக்கிறது, நீயே கையால் சரிசெய் என்றது திரை.

சரிசெய்தார். இதைச் சரிசெய்யட்டுமா என்று அது கேட்கும், ஆமாம் என்று ஒரு எழுத்தைத் தட்டுவார். அடுத்தது கேட்கும், தட்டுவார். கேட்டுக்கொண்டே இருந்தது, தட்டிக்கொண்டே இருந்தார். வேறென்ன செய்வது? முடிந்தபோது, பெயரும் இடமும் தொலைந்த கோப்புகளைக் கொட்டிவைக்கும் கிடங்கில் எல்லாம் கிடந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். இரண்டு மாத உழைப்பில் எது எங்கே என்று யாருக்குத் தெரியும்? மறுபடி போட்டார். பெட்டி பாதி எழுந்து படுத்துக்கொண்டது. மணி ஒன்பது தாண்டிவிட்டது.

அதையே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஓட்டியவர் பீர் முஹம்மது, அந்தத் தெருமுனை ஸ்டாண்டுக்காரர். "இன்னா சார், டிவி ரிப்பேரா? மடியில வெச்சிக்கினு கஷ்டப்படுறியே, பின்னாடி வெச்சிக்கலாமே" என்றார். வேம்பு கையை எடுக்கவில்லை. அடையாறு பாலம் தாண்டும்வரை அதைக் கட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.

எழுத்துத் தேர்வு எளிதாகவே இருந்தது. ஒரு கேள்விக்குக்கூடத் திணறவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக வரும். செய்முறைக்கு அவர் முறை வந்தது. தேர்வாளர் மேத்யூ சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். பெட்டி பாதியில் நிற்பதை இரண்டு தடவை பார்த்தார்.

"கரண்ட் போயிடுச்சா சார்?"

"யுபிஎஸ் இருக்கு."

"அப்புறம் எப்படி?"

மதுவந்தியின் பெயரை இந்த அறையில் எடுக்க வேம்புவுக்கு மனம் வரவில்லை. "நான்தான் அவசரத்துல சுவிட்சை அணைச்சுட்டேன்" என்றார்.

"ஷட்டவுன் பண்ணாமயா? முதல் நாள் பாடமாச்சே சார்." மேத்யூ பெட்டியின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜைக்கு மேஜை குங்குமம் வைத்த பெட்டிகள்தான். எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. "நகல் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"பாதி வேலைல எடுத்த ரெண்டு ஃப்ளாப்பிதான்" என்றார் வேம்பு. ஆபீஸில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

"இன்னிக்கு என்னால மார்க் போட முடியாது சார். பொங்கலுக்கு அப்புறம் மறுபடி வருவேன், அப்ப வாங்க. நல்லா படிச்சிருக்கீங்க, பேப்பர்லயே தெரியுது."

"தீபாவளிக்குள்ள வழியில்லையா?"

"இல்ல சார். ஸாரி."

வீட்டு வாசலில் சின்னச் சின்ன செருப்புகள் கிடந்தன. விஜயதசமி என்பதால் புதுக் குழந்தைகள் பாட்டு ஆரம்பிக்க வந்திருந்தன. உள்ளே சரளி வரிசை. ஆட்டோச் சத்தம் கேட்டு மதுவந்தி பாட்டை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்தாள்.

"என்னாச்சுன்னா?"

"போச்சு மது. பொட்டி எழுந்துக்கவே இல்லை."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "நேத்திக்கு வரைக்கும் நன்னாத்தானே ஓடிண்டிருந்தது" என்றாள்.

"ஆமா."

"கற்பூரம் காட்டினப்புறம் அதைத் தொடணும் தொடணும்னு நின்னேளே. சரஸ்வதிக்கு மனசு கோணியிருக்கும். எனக்கு அப்பவே திக்குன்னு இருந்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இல்லை, அவரை மன்னிக்கப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

உள்ளதைச் சொல்ல வேம்புவுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் இவள் தாங்குவாளா? இனி ஒவ்வொரு நவராத்திரிக்கும் மணை போடும்போது அந்தச் சுவிட்சைத்தானே நினைப்பாள்? பெட்டி கனத்தது. இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இருக்கும்" என்றார்.

"போறது விடுங்கோ. அடுத்த வருஷம் ஒழுங்கா வெச்சுடலாம்" என்று சொல்லி, அவர் தோளைத் தொட்டுவிட்டு மதுவந்தி உள்ளே போனாள். குழந்தைகள் மறுபடி பாட ஆரம்பித்தன. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.